கண்ணாடிக்குப் பின்னால நிக்கிற சாமி

வணக்கம் அண்ணை,
அம்மாவைக் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய் வந்தனாங்கள். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கும் போனம். அம்மா செருப்பைக் கழட்டிப்போட்டு ஒவ்வொரு சிலையா நிண்டு கும்பிட்டா. பட்டில்லை, பூவில்லை, ஒரு விளக்குக்கூட இல்லை, சாமியை இப்பிடி வைச்சிருக்கினமே எண்டு இப்பவும் சொல்லிக் கவலைப்படுறா. இது சரியோ அண்ணை?
கொக்குவிலில இருந்து ஒரு வாசகி

தங்கச்சி,
அம்மா கும்பிட்டது நூறு வீதம் சரி. அந்தச் சிலையளைச் செய்வித்தவையும் கும்பிடத்தான் செய்வித்தவை.

ஆனா ஒண்டு யோசிச்சுப் பாருங்கோ, நல்லூரில எண்டாலும் சரி எங்கட ஊர்க் கோயில் எண்டாலும் சரி சாத்துப்படி முடிஞ்சு சாமி வெளியில வரேக்க முகம் மட்டும்தானே தெரியும், மிச்சமெல்லாம் பட்டும் மாலையும் நகையும். ஸ்தபதி அந்த இடுப்பை எப்பிடி வளைச்சார், விரலை எப்பிடி மடக்கினார் எண்டு நாங்கள் வாழ்நாளில காணுறதே இல்லை. தஞ்சாவூரில ரிஷபவாகனரை, அதுதான் காளையோட நிக்கிற சிவனைப் பாத்திருப்பியள், தமிழ்நாட்டில திருவெண்காடு எண்ட ஊர் மண்ணுக்குள்ள இருந்து எடுத்தவர். ராஜராஜ சோழன் காலத்தில, 1011இல வைச்சது எண்டு அந்தக் கோயில் கல்வெட்டிலயே இருக்கு, பக்கத்தில நிக்கிற அம்மன் அடுத்த வருசம். காளை இப்ப இல்லை. இல்லாத காளையில கையை ஊண்டிக்கொண்டு, காலை மாறி வைச்சு, சடையைத் தலைப்பாகை மாதிரிச் சுத்திக் கட்டிக்கொண்டு என்ன வடிவா நிக்கிறார்! இந்தச் சிலையளை முதல்ல மெழுகில செய்து மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி எடுத்துப்போட்டு அந்த இடத்தில உலோகத்தை ஊத்தி, பிறகு மண்ணை உடைச்சு எடுக்கிறது. அச்சு உடைஞ்சிடும், அதால அதே மாதிரி இன்னொண்டு வரவே வராது. இதை முழுசாப் பாக்கக் கிடைச்சது பெரிய விசயம் எண்டுதான் நான் நினைக்கிறன்.

அம்மான்ர கவலையும் நியாயம்தான். திருவெண்காட்டில இண்டைக்கும் பூசை நடக்குதுதானே. எங்கட திருகோணமலையைப் பாருங்கோ, 1620களில போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடிச்சவங்கள், 1950இல கிணறு வெட்டேக்க வெண்கலச் சிலையள் வெளியில வந்தது, 1963இல கும்பாபிசேகம் செய்து திருப்பிக் கோயிலுக்குள்ளயே வைச்சுப் பூசை செய்யினம். அதைத்தான் நானும் விரும்புவன், கோயில் உயிரோட இருந்தா சாமி அங்கதான் போகவேணும்.

ஆனா காவல் இல்லாமல் அனுப்பேலாது. தமிழ்நாட்டில ஸ்ரீபுரந்தான் எண்ட ஊர்க் கோயில் நடராசரைக் களவெடுத்து வித்து, 2008இல அவுஸ்திரேலியாவில தேசிய கலைக்கூடம் ஐம்பது லட்சம் அமெரிக்க டொலர் குடுத்து வாங்கி, 2014இலதான் இந்தியாவுக்குத் திரும்பி வந்தவர். பூட்டும் காவலும் பூசையும் சேந்து இருக்கிற இடத்துக்கு எண்டா தாராளமா அனுப்பட்டும், அதுவரைக்கும் அரண்மனையிலயே இருக்கட்டும். அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கோ, ஏலுமெண்டா ஒருக்காக் கோணேசருக்கும் கூட்டிக்கொண்டு போங்கோ.