பெல்ஜியம் என்றார், அடியில் செக்கோஸ்லோவாக்கியா!

கேள்வி: ஐயா, நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. பழைய கண்ணாடிச் சாமான்கள் சேர்ப்பது பத்து வருடப் பழக்கம். நான்கு மாதத்துக்கு முன் மண்ணடிப் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில், சிவப்பில் தங்கக் கோடு போட்ட பூச்சாடி ஒன்றை ரூ.38,000 கொடுத்து வாங்கினேன். 'பெல்ஜியம் கண்ணாடி, 120 வருஷம்' என்றார் கடைக்காரர். எஸ்டிமேட் சீட்டிலும் அப்படியே எழுதித் தந்தார். சாடியின் அடியில் பச்சை வெல்வெட் ஒட்டியிருந்தது. போன வாரம் கழுவும்போது அது பெயர்ந்து வந்துவிட்டது. உள்ளே பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் 'மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா' என்று இருக்கிறது. போய்க் கேட்டால், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாதுன்னு சீட்டிலேயே போட்டிருக்கே, பழைய சாமானைப் பார்த்துத்தாம்மா வாங்கணும்' என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை, 'எதுவாயிருந்தாலும் அழகா இருக்கு, எனக்கு அனுப்பிவிடு' என்கிறாள். அனுப்பலாமா? அடியில் துளை போட்டு மேசை விளக்காக்கிவிடலாம் என்பது என் கணவரின் யோசனை.

பதில்: முதலில் உங்கள் கணவரிடமிருந்து டிரில்லிங் மிஷினை வாங்கி வையுங்கள். நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 42-ஆம் பிரிவின்படி, வாங்கிய பொருளைத் தன் சொந்தப் பொருளாகவே பாவித்து ஏதாவது செய்துவிட்டாலோ, வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டாலோ, அதை ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். ஏற்றுக்கொண்ட பிறகு அந்தச் சட்டப்படி நஷ்டஈடு கேட்கலாமே தவிர, 'சாடியை எடுத்துக்கொள், பணத்தைக் கொடு' என்று நிற்பது கடினம். துளை போட்டால் கதை முடிந்தது. தங்கைக்கு அனுப்பினாலும் அதே கதைதான். அதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

சரி, கடைக்காரர் சொல்லும் 'பார்த்து வாங்கணும்' விஷயத்துக்கு வருவோம். சட்டத்தில் அப்படியொரு கொள்கை இருப்பது உண்மை. மூர் மார்க்கெட்டில் தரையில் பரப்பி வைத்திருக்கும் சாமானில் ஒன்றை, எதுவும் கேட்காமல் எடுத்து, பேரம் பேசி வாங்கினால் அது உங்கள் தலையில்தான். ஆனால் விற்பவர் ஒரு விவரம் சொல்லி, அந்த விவரத்தை நம்பி நீங்கள் வாங்கினால், பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு. 'ராசியான சாடிம்மா, இந்த மாதிரி மெட்ராஸ்லயே இல்லை' என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு. அதற்கு வழக்குப் போட முடியாது. 'பெல்ஜியம்', '120 வருஷம்' இரண்டும் வியாபாரப் பேச்சு அல்ல. ஒன்று செய்த இடம், மற்றது வயது. இரண்டையும் கைப்பட எழுதித் தந்திருக்கிறார்.

இந்த மாதிரி வழக்குகளில் வழக்கமாக இடறுவது நிபுணர் சாட்சியத்தில்தான். கண்ணாடி எந்தக் காலத்தது என்று சொல்லுவது லேசான காரியமில்லை. அடியில் ஒட்டிப் பிடித்திருந்த இரும்புக் கம்பியை உடைத்தெடுத்த வடு, வார்ப்பு அச்சின் கோடு, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழி, பல வருடம் மேசையில் உராய்ந்த கீறல் என்று ஒவ்வொன்றையும் வைத்து வாதாடலாம். எதிர்த் தரப்பும் ஒரு நிபுணரைக் கூட்டி வரும். உங்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு பிறந்ததே 1918 அக்டோபரில். அதற்கு முன் அந்தப் பகுதி ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்தது. அங்கே பொஹீமியாவில் அருமையான சிவப்புக் கண்ணாடி செய்தார்கள், ஆனால் இந்தப் பெயரை அடியில் பொறித்திருக்க வழியில்லை. ஆகவே உங்கள் சாடிக்கு 120 வயது இருக்க முடியாது, அது பெல்ஜியத்திலும் செய்யப்படவில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: கடைக்காரருக்கு அனுப்பப்போகும் நோட்டீசில் சாடி போலி என்று எழுதிவிடாதீர்கள். அது நல்ல பழைய சாடியாகவே இருக்கலாம். நம் குறை, சொன்ன சரக்கு வேறு, கொடுத்த சரக்கு வேறு என்பதுதான்.

இனி வெல்வெட். இதுதான் எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த பகுதி. 'நீங்களே பார்த்திருக்கலாமே' என்று கடைக்காரரின் வக்கீல் கட்டாயம் கேட்பார். அடியை மூடி ஒட்டியிருந்தால் எப்படிப் பார்ப்பது? அதை அவரே ஒட்டினார், எழுத்தை மறைக்கத்தான் ஒட்டினார் என்று காட்ட முடிந்தால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்லும் மோசடியாகவே ஆகிவிடும். தெரிந்த உண்மையை வேண்டுமென்றே மூடி மறைப்பது அதில் அடக்கம். ஆனால் மேசையில் கீறல் விழாமலிருக்க முந்தைய உரிமையாளர் ஒட்டியதாகவும் இருக்கலாம். அதனால் இதை மட்டும் நம்பி வழக்கைக் கட்ட வேண்டாம், விவரப் பிழையே போதும்.

எங்கே போவது? போலீசுக்குப் போகச் சொல்லமாட்டேன். ஏமாற்றுதல் புகார் கொடுக்க இடமுண்டு. ஆனால் 'இது சிவில் மேட்டர்மா' என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்புவார்கள், நீங்களும் நாலு நாள் அலைவீர்கள். சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் உங்கள் இடம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம், கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, கால வரம்பு இரண்டு ஆண்டு. இந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய பொருளைப் புதிது என்று சொல்லி விற்பதைப் பெயர் சொல்லியே குற்றம் சாட்டுகிறது. புதியதைப் பழசு என்று விற்பதைப் பற்றித் தனியாகப் பேசவில்லை. சட்டம் எழுதியவர்கள் பழம்பொருள் கடைப் பக்கம் போனதில்லை போலிருக்கிறது. கவலை வேண்டாம், தரம், வகை பற்றிப் பொய் சொல்வதும் நேர்மையற்ற வணிக முறைதான் என்று அதே பிரிவில் இருக்கிறது, அதற்குள் நம் வழக்கு அடங்கும். 'திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற அச்சடித்த வரி அவரைக் காப்பாற்றாது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும், முறையான பில் தராததும்கூட இந்தச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக முறைகளே.

அவர்கள் எடுக்கக்கூடிய ஒரே நல்ல ஆயுதம் இது: நீங்கள் நுகர்வோரே இல்லை, வாங்கி விற்பவர் என்பது. மறுவிற்பனைக்கு வாங்குபவருக்கு இந்தச் சட்டம் உதவாது. சேகரிப்பவர்கள் அவ்வப்போது ஒன்றிரண்டைத் தள்ளிவிடுவது சகஜம், அதனால் வியாபாரி ஆகிவிட மாட்டார்கள். ஆனால் இந்தச் சாடியின் படத்தை 'விற்பனைக்கு' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டசில் போட்டிருந்தால் என்னிடமோ உங்கள் வக்கீலிடமோ இப்போதே சொல்லிவிடுங்கள். எதிர்த் தரப்பு எடுத்து நீட்டும்போது தெரிந்துகொள்வது நல்லதில்லை.

இந்த வாரமே ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வாங்கிய தேதி, சீட்டில் எழுதிய வாசகம் அப்படியே, அடியில் கண்ட எழுத்து, சாடியை ஏற்கவில்லை என்ற ஒரு வரி, பதினைந்து நாளில் பணம். அவ்வளவு போதும். ஒப்புகையோடு தபாலில் போகட்டும்.

சிங்கப்பூருக்கு வருவோம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருள். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது, கூரியரில் அனுப்பினாலும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனாலும் ஒன்றுதான். தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம் தனி. இந்தியாவில் செய்ததா, ஐரோப்பாவில் செய்ததா என்று அந்த விளக்கம் பிரித்துப் பார்க்கவில்லை. பலர் கோயில் சிலைக்குத்தான் இந்தச் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். (சிலை, ஓவியம், சுவடி போன்றவற்றை வீட்டில் வைத்திருந்தால் பதிவு செய்ய வேண்டும், கண்ணாடிச் சாடிகளும் கிண்ணங்களும் அந்தப் பட்டியலில் இல்லை. உங்களிடம் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் இருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள்.)

உங்கள் சாடியோ 1918-க்கும், அந்த நாடு இரண்டாகப் பிரிந்த 1992-ன் கடைசிக்கும் நடுவில் எந்த வருடத்தையும் சேர்ந்ததாக இருக்கலாம். ஆரம்ப வருடங்களில் செய்திருந்தால் இன்றைக்கு நூறைத் தாண்டியிருக்கும். அடியில் உள்ள எழுத்து அதைச் சொல்லாது. ஆகவே அனுப்புவதாக இருந்தால், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிய பிறகுதான். அதன் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம், மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

இந்தச் சான்று உங்களுக்கு இரண்டு பக்கமும் உதவும். நூறு ஆண்டு ஆகவில்லை என்று துறை சொன்னால், 120 வருஷம் என்ற கடைக்காரரின் வாக்குக்கு எதிராக அரசாங்கக் காகிதம் ஒன்று கையில் வந்துவிடும். தொல்பொருள்தான் என்று சொன்னால் தங்கைக்கு அனுப்ப முடியாது. ஆனால் அப்படிப்பட்ட பொருளை வியாபாரமாக விற்க 5-ஆம் பிரிவுப்படி உரிமம் வேண்டும், அது இருக்கிறதா என்ற கேள்வி கடைக்காரர் பக்கம் திரும்பும். விலையை ஏற்றச் சொன்ன வயதே அவரைச் சுற்றி வளைக்கிறது. ஆனால் 'பணம் தராவிட்டால் துறையிடம் சொல்லிவிடுவேன்' என்று மட்டும் நோட்டீசிலோ போனிலோ பேசாதீர்கள். மிரட்டிப் பணம் கேட்டதாக உங்கள் மேலேயே திருப்புவார்கள்.

கடைசியாக, அந்தப் பச்சை வெல்வெட்டைக் குப்பையில் போடவில்லையே? எடுத்துக் காயவைத்து, ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். பின்புறப் பசையைச் சுரண்ட வேண்டாம். சாடியின் அடியில் ஒட்டியிருக்கும் மிச்சத்தையும் அப்படியே விட்டுவிடுங்கள்.