பல் மருத்துவம்: வாசகர் கேள்வி-பதில்

கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது ஈறில் சின்னச் சீழ்க்கட்டி ஒன்று வந்து வந்து போகிறது. எல்லாம் சுத்தம் செய்துதானே அடைத்தார்கள்? ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் போதுமா?
– வாசகி, விருதுநகர்

மாத்திரை மட்டும் போதாது. மருந்து ரத்தத்தோடுதான் பயணிக்கும். பல்லுக்குள் இருக்கும் மென்திசுவான கூழ் அழிந்த வேர்க்குழாய்க்குள் ரத்த ஓட்டமே கிடையாது. கட்டி வற்றும், பிறகு திரும்பும்.

கிருமி எங்கே தங்கியது என்று கேட்டால், குழாயைக் குடையும் மெல்லிய கருவியான ஃபைல் தொடாத இடத்தில். கீழ்க் கடைவாய்ப் பல்லின் முன்வேரில் பெரும்பாலும் இரண்டு குழாய்கள் இருக்கும். அவற்றை இணைத்து மெல்லிய இடுக்கு ஒன்று ஓடும். நுனியில் கிளைகள் பிரியும். சுழலும் ஃபைல் வட்டமாகத்தான் குடையும். மைக்ரோ சி.டி. (நுண் ஸ்கேன்) ஆய்வுகளில், குழாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஃபைல் படாமலே இருப்பது தெரியவந்தது. அந்தப் பகுதியைக் கழுவும் திரவம்தான் சுத்தம் செய்ய வேண்டும். மறுபடி சீழ் வைத்த பற்களில் அடிக்கடி காணப்படும் என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியா, பட்டினியையும் தாங்கி உயிர்வாழும்.

வேறு காரணங்களும் உண்டு: கண்ணில் படாமல் விட்டுப்போன குழாய், கேப்பின் ஓரக் கசிவு, வேரில் விரிசல். எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். அதில் தெளிவில்லையென்றால் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் உதவும். வேர் உடையாதிருந்தால் அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி கழுவி அடைப்பதே முதல் வழி.

கிளினிக் தொடங்கி ஓராண்டு ஆகிறது. வேர்க்குழாயைக் கழுவச் சோடியம் ஹைப்போகுளோரைட் (ஹைப்போ) 5 சதவீதமா, 3 சதவீதமா?
– இளம் பல் மருத்துவர், தஞ்சாவூர்

3 சதவீதம் தாராளமாகப் போதும், புதிது புதிதாக ஊற்றிக்கொண்டே இருந்தால். திசுவைக் கரைக்கும்போதே குளோரின் செலவாகிவிடும். அதன்பின் குழாயில் நிற்கும் திரவத்தால் பெரிய பயனில்லை. ஒவ்வொரு ஃபைலுக்குப் பின்னும் குழாய்க்கு 2 மி.லி. கொடுங்கள். 5 சதவீதம் வேகமாகக் கரைக்கும் என்பது உண்மைதான். வேர் நுனியைத் தாண்டிப்போனால் அது செய்யும் சேதமும் அதிகம்.

பலர் கோட்டைவிடுவது ஊசியில். ஊசிமுனையைத் தாண்டித் திரவம் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் புதுப்படாது. வேரின் நடுப்பகுதியோடு நிற்கும் தடித்த ஊசியால் நுனி கழுவப்படுவதே இல்லை. 30 கேஜ், பக்கவாட்டுத் துளையுள்ள ஊசியை வாங்குங்கள். வேலை நீளத்துக்கு (ஃபைல் இறங்க வேண்டிய ஆழம்) 2 மி.மீ. குறைவாக ரப்பர் ஸ்டாப்பரை நிறுத்துங்கள். ஊசியின் வெளிவிட்டம் சுமார் 0.3 மி.மீ.; ஆகவே குழாயை 30-ஆம் எண் ஃபைல், 4 சதவீத டேப்பர் (சரிவு) வரையாவது விரித்தால்தான் அது இறுகாமல் இறங்கும்.

இறங்கினாலும் நுனியில் காற்றுக்குமிழி அடைத்துக்கொள்ளும். அதைக் கலைக்க அல்ட்ராசோனிக் முனையை 20 விநாடி ஓட்டுங்கள். புதுத் திரவம் ஊற்றி மேலும் இரண்டு முறை செய்யுங்கள். முனை சுவரில் உரசினால் அதிர்வும் மங்கும், சுவரில் படிக்கட்டு போன்ற வெட்டும் விழும். கருவி இல்லையா? குழாயை அடைக்கப் பயன்படும் ரப்பர் போன்ற கட்டா பெர்ச்சா கோனை, குழாய்க்குப் பொருந்தியதாக எடுத்து, 2–3 மி.மீ. மேலும் கீழுமாக, நிமிடத்துக்கு 100 முறை வேகத்தில், ஒரு நிமிடம் அசையுங்கள். பத்து ரூபாய்கூடச் செலவாகாத இந்த வேலையைப் பலர் செய்வதில்லை என்பதுதான் வருத்தம்.

ஹைப்போவைக் கருநிற பாட்டிலில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெளிச்சமும் சூடும் குளோரினைக் குறைத்துவிடும்.

கடைசியில் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி விட்டதும் குழாய் செம்பழுப்பாக மாறியது. ஏன்?
– பல் மருத்துவ மாணவி, மதுரை

மிச்சமிருந்த ஹைப்போவோடு கலந்ததால் வந்த படிவு அது. பல்லைக் கறையாக்கும், டென்டின் (பல்லின் உட்பகுதி) நுண்குழல்களையும் அடைக்கும். ஃபைல் வேலை முடியும்வரை ஹைப்போ. பிறகு 17 சதவீத ஈ.டி.டி.ஏ. ஒரு நிமிடம், ஃபைல் குடைந்த துகள் சுவரில் ஒட்டிய ஸ்மியர் படலம் நீங்க. முடிவில் மறுபடி கொஞ்சம் ஹைப்போ. இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், ஈ.டி.டி.ஏ. ஹைப்போவின் குளோரினை முடக்கிவிடும். குளோர்ஹெக்ஸிடின் திசுவைக் கரைக்காது; அவசியமென்றால் சலைனால் கழுவி, பேப்பர் பாயின்ட்டால் (ஈரம் உறிஞ்சும் காகிதக் குச்சி) ஒற்றிய பிறகே விடுங்கள்.

சிகிச்சையின்போது ப்ளீச்சிங் பவுடர் வாசனை வந்தது, தொண்டை எரிந்தது. ஆபத்தா?
– வாசகர், சேலம்

வாசனை ஹைப்போவினுடையது, அது இயல்பு. தொண்டைக்குப் போனது இயல்பல்ல. பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் டேம் 1864-லிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. அடுத்தமுறை அதைப் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

திரவம் வேர் நுனியைத் தாண்டினால் மருத்துவருக்கே உடனே தெரியும்: மரத்த பல்லிலும் சுரீரென்ற வலி, நிமிடங்களில் முகவீக்கம், குழாயில் ரத்தம். ஊசி இறுகி நிற்கும்போது கட்டைவிரலால் அழுத்துவதே முக்கியக் காரணம். ஆள்காட்டி விரலால் மெல்ல அழுத்தி, ஊசியை மேலும் கீழும் அசைத்தபடியே விட வேண்டும். நேர்ந்துவிட்டால் நிறுத்திவிட்டுச் சலைனால் கழுவி, முதல் நாள் குளிர் ஒத்தடம், மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான ஒத்தடம், வலி மருந்து. வீக்கம் கண்ணுக்குப் பரவினாலோ மூச்சோ விழுங்குவதோ சிரமப்பட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.