பதில்: எல்லோரும் 'தெரியும்' என்றே குறிக்கிறார்கள்
தஞ்சை, கும்பகோணம் மருத்துவர்களிடம் மருத்துவச் சட்டம் பற்றி வினாத்தாள் கொடுத்தால் எல்லோரும் "சட்டம் தெரியும்" என்றே குறிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தெரியுமா என்று கேட்டால் யார்தான் தெரியாது என்பார்?

சம்பவத்தைச் சொல்லிக் கேளுங்கள். பரிசோதனைக்கு மட்டும் ஒப்புதல் தந்துவிட்டு மயக்கத்தில் இருக்கும் பெண்ணின் கருப்பையை, வெளியே நிற்கும் தாயிடம் கையெழுத்து வாங்கி அகற்றலாமா? கூடாது என்றது உச்ச நீதிமன்றம், 2008-இல், சமீரா கோலி வழக்கில். (உயிருக்கு ஆபத்து என்றால் வேறு கதை.) மாமியாரே கையெழுத்துப் போட்டுவிடும் நம் பக்கத்தில் இது பலரைத் தடுமாறவைக்கும்.

நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை எத்தனை மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்றும் கேளுங்கள். மருத்துவர்களுக்கான 2002 நெறிமுறை விதிகளின்படி 72. வினாத்தாளில் பெயர் எழுத இடமே விடாதீர்கள். தாள் துறைத் தலைவர் கைக்குப் போகும் என்று தெரிந்தால் உண்மை வராது.