அடைத்த பல் மறுபடி மறுபடி பெயர்கிறது, கேப் போட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. இடதுபக்க மேல்பற்களில் ஈறை ஒட்டிப் பள்ளம் விழுந்திருக்கிறது. தண்ணீர் பட்டாலே கூசுகிறது. இரண்டு தடவை அடைத்தும் ஒரு வருடத்துக்குள் பெயர்ந்துவிட்டது. தினமும் காலையில் எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு, உப்பும் கரித்தூளும் கலந்த பொடியை பிரஷ்ஷில் தொட்டுப் பல் தேய்ப்பேன். கேப் போட்டால் நிரந்தரமாகச் சரியாகுமா?

பதில்: கேப்புக்கு, அதாவது பல்லின் மேல் மாட்டும் உறைக்கு, அவசரப்படாதீர்கள். அதைப் போட வேண்டுமானால் மிச்சமிருக்கும் நல்ல பல்லையும் சுற்றிலும் ராவ வேண்டியிருக்கும். தேய்மானத்துக்கான காரணம் அப்படியே இருந்தால், கேப்புக்குக் கீழே ஈறோரத்தில் மறுபடி பள்ளம் விழும்.

காரணம் பெரும்பாலும் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. எலுமிச்சைச் சாறு அமிலத்தன்மை மிகுந்தது. அது பட்டதும் பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமலின் மேற்பரப்பு கொஞ்ச நேரத்துக்கு இளகிப்போகும். அந்த நேரம் பார்த்து உப்பையும் கரியையும் போட்டுத் தேய்த்தால் பல் கரையாமல் என்ன செய்யும்? ஈறோரத்தில் எனாமல் ஏற்கெனவே மெல்லியது. ஈறு சற்று இறங்கினால் வெளியே தெரியும் வேர்ப்பகுதிக்கு எனாமலே கிடையாது. அதனால்தான் பள்ளம் அங்கே விழுகிறது. நீங்கள் வலதுகைக்காரர் என்றால், இடதுபக்கம் அதிகம் பாதித்திருப்பதும் பொருந்துகிறது. அழுத்தம் அந்தப் பக்கம்தான் கூடுதலாக விழும்.

ஆனாலும் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் தாடையோ நெற்றிப்பொட்டோ வலிக்கிறதா? தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டில் சொல்கிறார்களா? கடைவாய்ப் பற்கள் தட்டையாகியிருக்கின்றனவா? அப்படியானால் இரவில் மாட்டிக்கொள்ள அளவெடுத்துச் செய்யும் பல் கவசம் (நைட் கார்டு) தேவைப்படலாம். மேல் முன்பற்களின் உள்பக்கம் மெலிந்திருந்தால், நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் உண்டா என்று யோசியுங்கள். இரைப்பை அமிலம் வாய்வரை ஏறி வருவதன் அடையாளம் அது. அதற்குப் பொது மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. மிச்சத்தைக் காப்பாற்றலாம், அதுவும் நன்றாகவே காப்பாற்றலாம். பொடியை நிறுத்திவிட்டு, மிருதுவான பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட் என்று மாறுங்கள். பிரஷ்ஷைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்துப் பாருங்கள், அழுத்தம் தானாகக் குறையும். எலுமிச்சைச் சாற்றை விட முடியாவிட்டால் முதலில் பல் தேய்த்துவிட்டு, அப்புறம் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்து, வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். அமிலம் பட்ட பிறகு அரை மணி நேரமாவது பிரஷ் வேண்டாம். கூச்சத்துக்கு பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் உதவும். இரண்டு நாளில் பலன் இல்லையென்று விட்டுவிடாதீர்கள், சில வாரங்கள் ஆகும்.

பழக்கத்தை மாற்றியபின் பள்ளத்தைப் காம்போசிட் எனப்படும் பல் நிறத்துப் பிசின் கலவையால் மறுபடி அடைக்கலாம். ஈறோரத்தில் எச்சிலோ ரத்தமோ கசிந்தால் அடைத்தது ஒட்டாது. அதனால் ஈறில் வீக்கம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பல் உயரமே குறைந்து, வலுவிழந்து நின்றால்தான் கேப். சும்மா இருக்கும்போதே விண்விண்ணென்று தெறித்தாலோ, கூச்சம் நெடுநேரம் அடங்காவிட்டாலோ தாமதிக்காமல் போங்கள். உள்ளே நரம்பு பாதித்திருக்கலாம், அதற்கு வேர் சிகிச்சை வேண்டியிருக்கும்.

போகும்போது உங்கள் பிரஷ்ஷையும் பொடியையும் கையோடு கொண்டுபோய், வீட்டில் எப்படித் தேய்ப்பீர்களோ அப்படியே மருத்துவர் முன்னால் தேய்த்துக் காட்டுங்கள்.