பழைய ஸ்க்ராப்புக் சாமான் பெட்டி பெட்டியா இருக்கு, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கலாமா?

கேள்வி: போட்டோவ ஒட்டி அலங்காரம் பண்ற ஸ்க்ராப்புக் ஆல்பத்துக்காக பத்து பன்னெண்டு வருஷமா சேர்த்து வெச்ச பேட்டர்ன் பேப்பர், ஸ்டிக்கர் ஷீட், ஸ்டாம்ப், இங்க் பேட், ரிப்பன், பேப்பர்ல குத்தி பின்னாடி கால விரிச்சு விடற உலோக பிராட்ஸ்னு ரெண்டு பெரிய பெட்டி நிறைய இருக்கு. இப்ப வீடியோல பாக்கறதெல்லாம் ஜங்க் ஜர்னல் (பழைய தாள், துண்டு துணுக்க சேர்த்து செய்யற நோட்டு), வேக்ஸ் சீல் (உருக்கின அரக்குல அழுத்தற முத்திரை), ட்ரான்ஸ்பரன்ட் ஸ்டிக்கர்னு வேற மாதிரி போயிட்டு இருக்கு, என்கிட்ட இருக்கறத பாத்தா அரதப் பழசா தெரியுது. எல்லாத்தையும் கழிச்சிட்டு புதுசா ஆரம்பிக்கலாமா? இதையே யூஸ் பண்ணா போட்டோ கெட்டுப் போயிடுமோன்னும் ஒரு பயம்.

பதில்: தூக்கிப் போடாதீங்க. ஆனா உங்க கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு, அதை முதல்ல பிரிச்சுக்கலாம். பழசா தெரியுதா, கெட்டுப் போயிருக்கா, ரெண்டும் வேற வேற விஷயம். பேப்பர் நல்லா இருக்கும், டிசைன் பிடிக்காம போயிருக்கும், அதையும் சேர்த்து குப்பைல போடுவாங்க. இன்னொரு பக்கம் பாத்தா டேப்பு செத்தே போயிருக்கும், அது மட்டும் பெட்டிலயே பத்திரமா இருக்கும். நான் பாத்தவரைக்கும் க்ராஃப்ட் பெட்டில முதல்ல சாகறது பசைதான், அப்புறம் இங்க். பேப்பரும் ஸ்டாம்பும் உலோகச் சாமானும் சாவகாசமா நிக்கும்.

போட்டோ பயத்த முதல்ல முடிச்சுடுவோம். மரக்கூழ்ல லிக்னின்னு ஒண்ணு இருக்கு, அதை எடுக்காம செஞ்ச மலிவு பேப்பர் வெளிச்சமும் காத்தும் பட்டு மஞ்சளாகும், ஆசிடும் உண்டாகும், அந்த ஆசிட் பக்கத்துல ஒட்டிட்டு இருக்கற பேப்பருக்கும் போட்டோவுக்கும் மெதுவா ஏறும். நியூஸ்பேப்பர் மஞ்சளாகறதும் இதே கதைதான். ஸ்க்ராப்புக்குக்குன்னே வந்த பேப்பர் பேட்ல அட்டைலயே ஆசிட் ஃப்ரீ, லிக்னின் ஃப்ரீன்னு போட்டிருக்கும், அது இருந்தா கவலை வேண்டாம். அட்டை தொலைஞ்சு போச்சுன்னா பி.ஹெச். டெஸ்ட் பேனா கிடைக்குது, ஒரு ஓரத்துல சின்னதா கோடு போடுங்க, ஊதாவா நின்னா நல்லது, மஞ்சளா மாறினா ஆசிட் இருக்கு. கலர் பேப்பர்ல கோட்டோட நிறம் சரியா தெரியாது, அதனால பின்பக்கம் வெள்ளையா இருக்கற இடத்துலயோ கிழிச்ச விளிம்புலயோ போட்டுப் பாருங்க. பேனா எல்லாம் வேண்டாம்னா, அடுக்குல இருந்து ஒரு ஷீட்ட உருவி ஓரத்தையும் நடுவையும் ஒப்பிட்டுப் பாருங்க, ஓரம் மட்டும் பழுப்பாகி, மடிச்சா மொடமொடன்னு உடைஞ்சா அது போட்டோ பக்கத்துக்கு ஆகாது. அதுக்காக குப்பைலயும் போட வேண்டாம், வாழ்த்து அட்டை, கவர், டேக், கிஃப்ட் சுத்தறதுன்னு கொஞ்ச நாள்ல கைமாறிப் போற வேலைக்கு அது தாராளமா போதும்.

ஒரு விஷயம் மட்டும் கறாரா சொல்லிடறேன். போன்ல எடுத்து பிரிண்ட் போட்ட போட்டோன்னா இவ்வளவு பயமே தேவையில்ல, ஃபைல் இருக்கு, கெட்டா இன்னொன்னு போட்டுக்கலாம். ஆனா தாத்தா பாட்டி காலத்து ஒரே ஒரு பிரிண்ட், நெகட்டிவ் கிடையாது, அந்த மாதிரி போட்டோவ எந்த பேப்பர்லயும் ஒட்டாதீங்க, பழசோ புதுசோ. ஸ்கேன் பண்ணி காப்பிய ஒட்டுங்க, ஒரிஜினல பாலிப்ரோப்பிலீன் இல்ல பாலியெஸ்டர் உறைல தனியா வெச்சிடுங்க. பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம், திறந்தவுடனே குப்புனு பிளாஸ்டிக் வாடை அடிக்குதுன்னா அநேகமா அதுவாத்தான் இருக்கும். போட்டோ வெக்கற உறை, பேப்பர், பசையெல்லாம் போட்டோவ பாதிக்குதான்னு பாக்க ஐ.எஸ்.ஓ. 18916னு ஒரு டெஸ்டே இருக்கு, போட்டோகிராஃபிக் ஆக்டிவிட்டி டெஸ்ட்னு பேரு, அது பாஸ் ஆனதுன்னு போட்டிருந்தா நம்பி வாங்கலாம். அதே மாதிரி உங்க பெட்டில பிசுபிசுன்னு ஒட்டற பக்கமும் மேல பிளாஸ்டிக் ஷீட்டும் இருக்கற பழைய டைப் ஆல்பம் ஏதாவது இருந்தா அதுல புதுசா எதுவும் வெக்காதீங்க, ஏற்கனவே இருக்கற போட்டோவயும் இழுத்துப் பிய்க்காம மெதுவா எடுக்கப் பாருங்க, வரலன்னா அந்தப் பக்கத்தையே அப்படியே ஸ்கேன் பண்ணிக்குங்க.

இப்ப பசை. பெட்டிய திறந்ததும் எல்லா டேப்பையும் ஒரு பக்கம் எடுத்து வெச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு கிழிச்சு வேஸ்ட் கார்ட்ஸ்டாக்ல (கெட்டித் தாள்) ரெண்டு பேப்பர ஒட்டி நாலஞ்சு நாள் விட்டுடுங்க. ஒட்டின அன்னிக்கு எல்லாமே நல்லாத்தான் பிடிக்கும், கொஞ்ச நாள் கழிச்சு தூக்கிப் பாத்தாதான் தெரியும் எது நிக்குது எது தானா கழண்டு வருதுன்னு. ரப்பர் பசை இருக்கற டேப் நாளானா மஞ்சளாகி பிசினாகும், அக்ரிலிக் பசைன்னா ரொம்ப வருஷம் தாங்கும். உயரம் காட்ட போடற ஃபோம் டேப்ப விரலால நசுக்கிப் பாருங்க, பொடிஞ்சு தூளா வந்தா குப்பைக்கு. ரப்பர் சிமென்ட் (ரப்பர கரைச்சு செஞ்ச பசை) டப்பா ஏதாவது இருந்தா அது போட்டோ பக்கமே வரக்கூடாது. பசை தொல்லை இன்னிக்கு நேத்து வந்ததும் இல்ல, எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1873லயே பக்கத்துல ஏற்கனவே பசை தடவின ஸ்க்ராப்புக்குக்கு பேட்டன்ட் வாங்கி வித்திருக்காரு, ஈரப்படுத்தி ஒட்டினா போதும்.

வாஷி டேப் (டிசைன் போட்ட பேப்பர் டேப்) தூக்கிக்கிட்டு வருதேன்னு நிறைய பேர் கேக்கறாங்க. அது பழசானதால மட்டும் இல்ல, அதோட சுபாவமே அதுதான். ஜப்பான்ல கமோய்னு ஒரு கம்பெனி, பெயின்ட் வேலைக்கு மாஸ்கிங் டேப் செஞ்சிட்டு இருந்தவங்க, அதையே அழகா கலர் போட்டு எம்.டி.ங்கற பேர்ல 2008ல கொண்டு வந்தாங்க. ஒட்டி எடுக்கறதுக்குன்னே பொறந்த சாமான், நிரந்தரமா நிக்கணும்னா அடில கொஞ்சம் நல்ல பசை தொட்டு வெச்சாதான் உண்டு.

ஸ்டிக்கர் பசை போயிருந்தா ரெண்டு வழி. ஓரமா திக்கான க்ளூ தொட்டு சாதாரண டை கட் (வடிவமா வெட்டின பேப்பர் துண்டு) மாதிரி ஒட்டிடலாம். இல்லன்னா, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது, அரைகுறையா ஒட்டற ஸ்டிக்கர மாஸ்க்கா யூஸ் பண்ணுங்க. எழுத்து ஸ்டிக்கர கார்ட்ஸ்டாக்ல லேசா ஒட்டிட்டு, மேல இங்க்க ஸ்பான்ஜால வெளில இருந்து உள்ள தட்டித் தட்டி கொண்டு வாங்க, காஞ்சதும் மெதுவா எடுத்தா எழுத்து மட்டும் வெள்ளையா நிக்கும். புது ஸ்டிக்கர்ல இத செஞ்சா பேப்பரையே பிச்சிக்கிட்டு வரும், பழசுதான் இதுக்கு லாயக்கு. உயிரெழுத்தெல்லாம் தீந்து போயி இசட்டும் க்யூவும் மட்டும் மிச்சம் இருக்கற எழுத்து ஷீட் எல்லார் பெட்டிலயும் ஒண்ணு இருக்கும், இசட்ட திருப்பினா என் ஆகும், எம்ம கவுத்தா டபிள்யூ, மிச்சத்த வேற ஷீட்ல இருந்து கலந்து போட்டா இப்ப பாக்கறவங்களுக்கு வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கும்.

இங்க் பேட் காஞ்சிருச்சுன்னு உடனே முடிவு கட்டாதீங்க. டை இங்க் (தண்ணில கரையற சாயம்) பேடா இருந்தா அதே கலர் ரீஃபில் பாட்டில் கிடைச்சா சில சொட்டு விட்டு, பேட் மேல ஸ்பூன் பின்பக்கத்தால அழுத்தித் தேய்ச்சு ஒரு நாள் கவுத்து வெச்சா திரும்ப வந்துடும். ரீஃபில் இல்லன்னா ரெண்டு மூணு சொட்டு கிளிசரின் விட்டுப் பாருங்க, கலர் கொஞ்சம் வெளுப்பா வரும், காயவும் லேட்டாகும், ஆனா வேலை செய்யும். பிக்மென்ட் இங்க் (கரையாத நிறப்பொடி கலந்தது) லேசுல காயாது, பத்து வருஷப் பேட் கூட பொழைச்சுக்கும். அது பேப்பர் மேல காய நேரம் எடுக்கறதுதான் எம்பாஸிங் பவுடருக்கு வேணும், ஈரம் இருக்கும்போதே பவுடர தூவி ஹீட் கன் காட்டினா உருகி பளபளன்னு நிக்கும், பவுடருக்கு காலாவதி எல்லாம் கிடையாது, கட்டி தட்டியிருந்தா உதிர்த்து விட்டா போதும். ட்ரான்ஸ்பரன்ட் ஸ்டாம்ப் மஞ்சளாயிருந்தா கவலையே படாதீங்க, இங்க் கறை, வெயில் பட்டது, அவ்ளோதான். ஸ்டாம்ப ஒட்டிப் பிடிக்கற அக்ரிலிக் பிளாக்ல ஒட்ட மாட்டேங்குதுன்னா சோப்புத் தண்ணில கழுவி காத்துல காய விடுங்க, தூசு போனா ஒட்டும். வாட்டர்கலர் கட்டி வெடிச்சே போயிருந்தாலும் ஒரு சொட்டு தண்ணி விட்டா முழிச்சுக்கும், ஆனா அக்ரிலிக் பெயின்ட் டப்பால ஒருதடவ இறுகிட்டா அது பிளாஸ்டிக், எத ஊத்தினாலும் திரும்பாது.

சரி, இப்ப "பழசா தெரியுது"ங்கற விஷயத்துக்கு வரேன். பழசா தெரியறது பேப்பர் இல்லீங்க, அதை முழு ஷீட்டா விரிச்சு போடற ஸ்டைல். பெரிய பெரிய ரோஜாப்பூ போட்ட 12க்கு 12 இன்ச் ஷீட் ஒண்ணு இருக்குன்னு வைங்க. முழுசா பேக்ரவுண்டா போட்டா போட்டோவ முழுங்கிடும், பாத்த உடனே அது எந்த வருஷத்து டிசைன்னு தெரிஞ்சுடும். அதையே ஒரு இன்ச் பட்டையா வெட்டிப் பாருங்க, பன்னெண்டு பட்டை வரும், அதுல பூவே தெரியாது, ஒரு பட்டைல ரோஸ் கலர் அலை, அடுத்ததுல கொஞ்சம் பச்சை, ஒரு காம்பு, அவ்ளோதான். வெள்ளை கார்ட்ஸ்டாக் மேல மூணு பட்டைய பக்கத்து பக்கத்துல வெச்சு மேல போட்டோவ வெச்சா, எந்த வருஷத்து பேப்பர்னு யாராலயும் சொல்ல முடியாது. டிசைன் எவ்வளவு பெருசோ அவ்வளவு சின்னதா வெட்டுங்க, நான் எல்லாருக்கும் சொல்றது இதுதான்.

திருப்பியும் பாருங்க. ரெண்டு பக்கமும் பிரிண்ட் இருக்கற ஷீட்ல முன்பக்கத்துக்கு ஆசைப்பட்டு வாங்கியிருப்போம், பின்பக்கத்துல கோடோ புள்ளியோ கட்டமோ இருக்கும், இன்னிக்கு உபயோகமா இருக்கப்போறது அந்தப் பக்கம்தான். கலர் ரொம்ப கத்துதுன்னா வெள்ளை அக்ரிலிக் பெயின்ட்ட தண்ணியா கலக்கி காஞ்ச ப்ரஷால ஒரு இழுப்பு இழுங்க, அடங்கிடும். மேல கலரும் தடிமனுக்குள்ள வெள்ளையுமா இருக்கற கார்ட்ஸ்டாக்க கிழிச்சு ஓரத்த உப்புத்தாளால லேசா தேய்ச்சா ஜங்க் ஜர்னல் வீடியோல வர்ற அதே லுக்தான், அதுக்குன்னு தனியா பேப்பர் வாங்க வேண்டியதில்ல.

வெட்ட மனசு வராது, தெரியும். "இவ்வளவு அழகா இருக்கே, ஏதாவது ஸ்பெஷலா செய்யலாம்"னு வெச்சு வெச்சுத்தான் ரெண்டு பெட்டி ஆகியிருக்கு. அதுக்கு ஒரு தந்திரம், 4க்கு 6 போட்டோவுக்கு பின்னாடி நாலரைக்கு ஆறரை இன்ச் மேட் (போட்டோவுக்கு ஓரம் காட்ட அடில வெக்கற பேப்பர்) வெக்கறீங்கன்னா வெளிய தெரியறது சுத்தி கால் இன்ச் மட்டும்தான், நடுவுல இருக்கற பேப்பர் போட்டோவுக்கு அடில மறைஞ்சே போயிடும். அதனால ஒட்டறதுக்கு முன்னாடி நடுவுல மூணரைக்கு அஞ்சரை இன்ச் துண்ட கட்டரால வெட்டி எடுத்துடுங்க. ஃப்ரேம் மாதிரி மிச்சம் இருக்கறத போட்டோவுக்கு பின்னாடி ஒட்டலாம், எடுத்த துண்டு அடுத்த பக்கத்துக்கு டேக் ஆகும். ஆல்பமும் தடிமனாகாது. பிடிச்ச ஷீட் பாதி கூட தீராது, வெட்டினோமேங்கற வருத்தமும் இருக்காது.

வேலைய ஆரம்பிக்கும்போது பெட்டிய முன்னாடி வெச்சுக்கிட்டு உக்காராதீங்க, அப்படி உக்காந்தா சாமான அடுக்கி அடுக்கி வெக்கறதுலயே நாள் போயிடும். போட்டோவ முதல்ல எடுங்க, ஒரே நிகழ்ச்சியோட ஆறு ஏழு போட்டோ, அதுல திரும்பத் திரும்ப வர்ற ரெண்டு மூணு கலர் எதுன்னு பாருங்க. அந்தக் கலருக்கு மட்டும் பெட்டிலேர்ந்து நாலு ஷீட், ஒரு ஸ்டிக்கர் ஷீட், ரெண்டு ஸ்டாம்ப், கொஞ்சம் ரிப்பன் எடுத்து ஒரு ட்ரேல போட்டுட்டு பெட்டிய மூடி கண்ணுக்குத் தெரியாத இடத்துல வைங்க. ட்ரேல இருக்கறது தீர்ற வரைக்கும் பெட்டி பக்கம் போகக்கூடாது. கடைல கிட்னு விக்கறாங்களே, அதுவும் இதே வேலைதான், அவங்க தேர்ந்தெடுத்துக் குடுக்கறாங்க, நீங்க நீங்களே தேர்ந்தெடுக்கறீங்க.

புதுசா வாங்கணும்னா மூணே சாமான் வாங்குங்க. நல்ல அக்ரிலிக் டபுள் சைடு டேப், ஆசிட் ஃப்ரீ வெள்ளை கார்ட்ஸ்டாக் ஒரு கட்டு, பேப்பர் வெட்டற ட்ரிம்மருக்கு புது பிளேடு. பிளேட சொல்றதுக்கு காரணம் இருக்கு, மழுங்கின பிளேடுல வெட்டினா பழைய பேப்பர் ஓரம் பிசிறு பிசிறா வரும், உடனே பேப்பர் மட்டம்னு அதுமேல பழியப் போட்டுட்டு புதுசு தேடிப் போவாங்க. பூஞ்சை வாடை அடிக்கற பேப்பர், துருப்பிடிச்ச பிராட்ஸ், பிசினா போன ஸ்டிக்கர் ஷீட், இதெல்லாம் யோசிக்காம வெளிய போகட்டும், பூஞ்சை பக்கத்துல இருக்கறதுக்கும் பரவும்.

வேக்ஸ் சீல் ஆசையா இருக்கு போல, கேள்வில அதைத்தான் சொல்லியிருக்கீங்க. கவர், கார்டு வரைக்கும் தாராளமா போடுங்க, ஆல்பத்துக்குள்ள மட்டும் வேண்டாம். அது மேடா நிக்கும், ஆல்பத்த மூடினா எதிர்ப்பக்கத்து போட்டோல பள்ளம் விழும், பழைய மாதிரி கெட்டி அரக்கா இருந்தா பக்கம் வளையும்போது உடைஞ்சு உதிரும். அந்த வட்டமான லுக்தான் வேணும்னா உங்க பெட்டில இருக்கற பழைய ஸ்டாம்ப், பிக்மென்ட் பேட், எம்பாஸிங் பவுடர் வெச்சு தனி கார்ட்ஸ்டாக்ல செஞ்சு வட்டமா வெட்டி ஒட்டுங்க, தட்டையாவும் இருக்கும், பளபளன்னும் இருக்கும். ஹீட் கன் வேலைய மட்டும் போட்டோ ஒட்டறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க, சூடு பட்டா பிரிண்ட் சுருண்டுடும்.