பிறக்கும்போது மூச்சுத் திணறிய பிள்ளைக்குப் பின்னாளில் படிப்பு, நடத்தை பாதிக்குமா?

எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமை என்பதைப் பொறுத்தது. கொஞ்சம் தாமதமாக அழுத பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகவே வளர்கிறார்கள். உறவுக்காரர்கள் பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள்.

ஆக்சிஜன் நீண்ட நேரம் குறைந்தால்தான் சிக்கல். மூச்சு திரும்பினாலும் சேதம் அத்தோடு நிற்பதில்லை. சில மணி நேரம் கழித்து இரண்டாம் சுற்றாக மூளை செல்கள் மடியும். அதைக் குறைக்கத்தான் மிதமாகவோ கடுமையாகவோ மூளை பாதிக்கப்பட்ட, நிறைமாதக் குழந்தைகளைப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் குளிர்விக்கத் தொடங்கி, உடல் வெப்பத்தைச் சுமார் 33.5 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைத்திருக்கிறார்கள்.

மூளையில் நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் சீக்கிரம் அடிபடும் பகுதி. அதனால் நேரத்தோடு நடந்து, பேசிய பிள்ளைக்குக்கூடத் தொடக்கநிலை ஒன்றுக்குப் போன பிறகு மறதி, கவனச்சிதறல் தெரியவரலாம். அதற்காகத் துறுதுறுப்புக்கெல்லாம் பிரசவத்தைக் குறை சொல்ல முடியாது.

சந்தேகம் இருந்தால், சிங்கப்பூரில் பிள்ளையின் சுகாதாரக் கையேட்டோடு பாலிகிளினிக் போய், பிரசவத்தில் நடந்ததைச் சொல்லி, கேகே மருத்துவமனையின் குழந்தை நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.