கன்னே போரில் சிறிய படை பெரிய படையைச் சுற்றிவளைத்தது எப்படி?

எதிரியை முன்னே வரவிட்டு, இரு பக்கமும் பின்புறமும் அடைப்பதுதான் இருபக்கச் சுற்றிவளைப்பு. ரோமின் எதிரியான வட ஆப்பிரிக்க நகர அரசு கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் கி.மு. 216-இல் இத்தாலியின் கன்னேயில் இதைச் செய்தார். அவரிடம் சுமார் 50,000 பேர். ரோமர்கள் 80,000-க்கும் மேல் என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ்.

நடுவில் கால் (Gaul) இன வீரர்களையும் ஐபீரிய (இன்றைய ஸ்பெயின் பகுதி) வீரர்களையும் பிறைபோல முன்தள்ளி நிறுத்தினார். ரோமர்கள் மோத மோத அந்தப் பிறை மெல்ல உள்வாங்கியது. துரத்தியவர்கள் இரு ஓரத்திலும் காத்திருந்த லிபியக் காலாட்படைக்கு நடுவே தாமாகவே நுழைந்தார்கள். ரோமக் குதிரைப்படையை விரட்டிய ஹன்னிபாலின் குதிரைப்படைத் தளபதி ஹஸ்த்ருபால், திரும்பி வந்து பின்புறம் தாக்கினார்.

அதன்பின் எண்ணிக்கை ரோமர்களுக்கே சுமையானது. தீபாவளிக்கு முந்தின நாள் பேருந்தில் நடுவே சிக்கியவர் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கக் கையைக்கூட அசைக்க முடியாதே, அந்த நிலைதான்: விளிம்பில் நின்றவர்கள் மட்டுமே வாள் வீச முடிந்தது.

ஆபத்து நடுப்பகுதியில்தான். அது பின்வாங்கலாம், உடையக்கூடாது; உடைந்தால் சொந்தப் படையே இரண்டாகிவிடும். அதனால்தான் ஹன்னிபால் தானே அங்கே நின்றார். என் பார்வையில், திட்டத்தைவிட இந்த முடிவே பெரியது.

ஆல்ப்ஸைக் கடந்த யானைகளால் கன்னேயில் வென்றார் என்பது தவறு. பெரும்பாலான யானைகள் கி.மு. 218-217 குளிர்காலத்திலேயே இறந்துவிட்டன, இந்தப் போரில் ஒன்றுகூட இல்லை.